சிப்புக்குள் ஒரு பந்தி

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று எங்கள் ரப்பர் தோட்டத்தில் யாருக்கும் சொல்லிப் புரியவைக்க முடிந்ததில்லை. கம்ப்யூட்டர்களுக்கு நடுவே செய்தித் துண்டுகளைப் பிரித்து அனுப்பும் சிப் ஒன்றை எங்கள் கம்பெனி செய்யப்போகிறது. இன்னும் செய்யவில்லை. செய்வதற்கு முன்னால் அது எப்படி ஓடும் என்று கம்ப்யூட்டரிலேயே ஓட்டிப் பார்ப்பது என் வேலை. "இல்லாத சாமானுக்கா சம்பளம் குடுக்கறான்?" என்று அப்பா கேட்டார். அம்மாதான், "எம்மவன் தனபாலன் ஆயர் குரோ டவுனுல பெரிய இஞ்சினியர்" என்று ஊர் முழுக்கத் தம்பட்டம் அடித்தாள். நானும் அதை நம்பித் தொலைத்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை என் சிப் எல்லாச் சோதனையிலும் தேறிவிட்டது. திங்கட்கிழமை மேலாளர் லிம்மிடம் "செய்யலாம்" என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. தலைகால் புரியாமல் ஜாசின் பக்கம் எங்கள் தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்குக் கிளம்பினேன்.

அம்மாவுக்கு வேறு கவலை. அக்கா கல்யாணப் பத்திரிகையில் தன் பெயர் விட்டுப்போனதிலிருந்து மாயாண்டிச் சித்தப்பா அப்பாவோடு பேசுவதில்லை. பாயா ரும்புட்டுக்குக் குடிபோனவர், கோயில் பக்கமே தலைகாட்டவில்லை. அம்மா நேரில் போய்க் கெஞ்சி அந்த வருஷம் வரவழைத்திருந்தாள்.

"நம்ம கோயில்ல அவரு ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போனா போதும்டா. மத்ததெல்லாம் தானா சரியாவும்."

அன்னதானத்துக்கு இரண்டு பந்தி. ஒன்று மண்டபத்தில், இன்னொன்று பின்னால் தகரக் கொட்டகையில். காலங்காலமாக அதற்கு இரண்டு வரிசை. ஒன்று நீண்டு கிடக்கும், மற்றதில் நாலு பேர் நிற்பார்கள். பெரிய இஞ்சினியருக்கு இதைப் பார்க்கப் பொறுக்குமா? என் சிப்பில் இருப்பதுபோல ஒரே வரிசையாக்கிவிட்டேன். இரண்டு பக்கமும் கயிறு கட்டி, மைக்கை வாங்கி, "எங்க எடம் இருக்கோ அங்க போங்க! யாரும் போத்தோங் பண்ணி நடுவுல பூரக்கூடாது!" என்று முழங்கினேன். கோயில் தலைவர் நாகமுத்து அண்ணன், "படிச்ச பையன்லா" என்று முதுகில் தட்டினார். கொஞ்ச நேரம் ஜோராகத்தான் ஓடியது.

அப்புறம் வரிசையின் முதல் ஆளாகச் சித்தப்பா வந்து நின்றார். மண்டபத்தில் அப்பா உட்கார்ந்திருந்தார். கொட்டகை நிரம்பி வழிந்தது.

"மண்டபத்துல எடம் இருக்கு, போங்க சித்தப்பா."

"கொட்டகையில எடம் வரட்டும்."

நின்றார். அவருக்குப் பின்னால் ஊரே நின்றது. மண்டபத்தில் காலி இலைகள் வரிசையாகக் கிடக்க, என் கயிற்றைத் தாண்டி ஒருவராலும் போக முடியவில்லை. "அலாமாக்! எலை சும்மா கெடக்கு, எங்கள ஏன்யா நிறுத்தி வச்சிருக்கீங்க?" என்று பின்னாலிருந்து ஒரு பெண் கத்தினாள். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. கையில் மைக் வேறு இருந்தது.

"சித்தப்பா, உங்க ஒருத்தரால இத்தன பேரு பட்டினி! உள்ள போங்க, இல்ல வழிய விடுங்க!"

தோட்டம் முழுக்கக் கேட்டது. சித்தப்பா என்னை ஒருமுறை பார்த்தார். கயிற்றைத் தூக்கிக் குனிந்து வெளியே போய்விட்டார்.

அந்த நேரத்தில்தானா எனக்கு உறைக்க வேண்டும்? சிப்பிலும் இதே கூத்துதான் நடக்கும். முதலில் நிற்கும் செய்தித் துண்டு போகவேண்டிய வாசல் அடைத்திருந்தால், பின்னால் நிற்பவற்றுக்கு வேறு வாசல் காலியாக இருந்தும் நகர முடியாது. என் சோதனைகளில் இது தெரியவே இல்லை. ஒரு வாசலிலும் கூட்டம் சேராதபடி நானே பார்த்துப் பார்த்து அனுப்பியிருந்தேனே, எப்படித் தெரியும்? வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், எனக்குத் துள்ளிக் குதிக்கலாம் போலிருந்தது. பேனாவை எடுத்து உள்ளங்கையிலேயே வாசல்களை வரைய ஆரம்பித்தேன்.

"அடப்பாவி, மனுஷன் வெறும் வயித்தோட போறாரு, நீ கையில என்னடா கிறுக்கற?" அம்மாவுக்குக் கண் கலங்கியிருந்தது. சாப்பாட்டு அடுக்கை என் கையில் திணித்தாள். "அவரு சாப்பிட்டதப் பாத்துட்டுத்தான் நீ வூட்டுக்கு வரணும்."

காரில் போகும்போதும் லிம்மிடம் என்ன சொல்வது என்றுதான் யோசித்தேன். அந்த யோசனையில் பாயா ரும்புட் முச்சந்தியைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தேன்.

சித்தப்பா பனியனோடு வாசலில் உட்கார்ந்திருந்தார்.

"மைக்க எங்கடா? கொண்டாரலியா?"

"மன்னிச்சிருங்க சித்தப்பா. புத்தி கெட்டுப் பேசிட்டேன்."

அவர் அடுக்கைத் திறந்தார். சாம்பார் வாசனை வந்தது. சோற்றில் கையை வைத்தவர் அப்படியே நிறுத்தினார்.

"உங்கப்பன் சாப்டானா?"

"சாப்ட்டிருப்பாரு சித்தப்பா."

"நீ பாத்தியா?"

நான் எங்கே பார்த்தேன்? எனக்கு என் வரிசையைப் பார்க்கவே நேரம் சரியாக இருந்தது.

"இல்ல" என்றேன்.

"நான் பாத்தேன். நான் வெளிய வந்ததும் சாப்பிடாமலே எலைய மூடிட்டு எந்திரிச்சுட்டான்."

அடுக்கை மூடி, சட்டையை மாட்டிக்கொண்டு எனக்கு முன்னால் காருக்கு நடந்தார்.

"அவனுக்கு இனிப்புநீர் வியாதி இருக்குலா. பசி தாங்க மாட்டான். வண்டிய எடு."