தனித்தனி டிக்கெட்

பிஸ்கட் பாக்கெட் போடுகிற மெஷின் எந்த ஊரில் மக்கர் பண்ணினாலும் என்னைத்தான் அனுப்புவார்கள். பதினாறு வருஷமாகக் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு ஓடுகிறேன். வாரத்துக்கு நாலு விமானம், சில வாரம் ஆறு. நடு சீட்டில் முழங்காலை மடக்கி உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு போயே போய்விட்டது. இத்தனைக்கும் ஈடாகக் கிடைத்த ஒரே மரியாதை, விமான கம்பெனி கொடுத்த தங்க நிற கார்டு. முன்னால் பிசினஸ் கிளாஸில் சீட் காலியிருந்தால், கார்டு வைத்திருப்பவனைக் காசு கேட்காமல் அங்கே மாற்றுவார்கள். எல்லோரையும் இல்லை. அதற்கு ஒரு பட்டியல் இருக்கிறது. அந்தப் பட்டியலில் நான் எத்தனையாவது ஆள் என்று பார்ப்பதிலேயே பாதி ஆயுசு கழிந்தது.

என் மனைவி அந்த கார்டுக்கு வைத்த பேர் சின்ன வீடு. நான் கிளம்பும்போதெல்லாம், "சின்ன வீட்டைப் பர்ஸ்ல வெச்சாச்சா?" என்று கேட்பாள். நானும் சிரித்துக்கொண்டே பர்ஸைத் தட்டிக் காட்டுவேன். வெளியூரிலிருந்து போன் பண்ணும்போது அவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்பதற்கு முன்னால், அன்றைக்கு முன்சீட் கிடைத்ததா இல்லையா என்று நான் சொல்லி முடித்திருப்பேன். அவளும் பொறுமையாக உம் கொட்டுவாள்.

எங்களை மாதிரி ஓயாமல் பறக்கிறவர்களிடம் சில சூட்சுமங்கள் உண்டு. சட்டை இஸ்திரி போட்டிருக்க வேண்டும். கவுன்டரில் போய் நச்சரிக்கக் கூடாது, ஆனால் அவர்கள் கண்ணில் படுகிற தூரத்தில் நிற்க வேண்டும். இதில் பாதி மூடநம்பிக்கை என்று எனக்கும் தெரியும். ஒன்று மட்டும் நிஜம். யாரோடும் சேர்த்து டிக்கெட் போடக் கூடாது. ஒரே டிக்கெட்டில் இரண்டு பேர் இருந்து, முன்னால் ஒரு சீட் மட்டும் காலியானால், கம்ப்யூட்டர் அந்த ஜோடியைத் தாண்டி அடுத்த ஆளுக்குப் போய்விடும். தனிக்கட்டைக்குத்தான் யோகம்.

போன மாதம் என் மனைவியின் அக்காவுக்கு இதயத்தில் ஆபரேஷன் என்று முடிவானது. அம்மா இல்லாத வீட்டில் இவளுக்குத் தலை வாரி, பள்ளிக்கூடம் அனுப்பி, கல்யாணம் செய்து வைத்தது அந்த அக்காதான். அக்கா டாக்டரிடமே சொல்லிவிட்டாராம், "என் தங்கச்சி வந்து கையப் பிடிச்சாத்தான் நான் உள்ள போவேன்" என்று. ஆபரேஷன் காலை ஏழரை மணிக்கு. முந்தின நாள் சாயங்கால விமானத்தில் போய், ஞாயிற்றுக்கிழமை திரும்பிவிடலாம் என்று நான்தான் டிக்கெட் போட்டேன். மூன்று மணி நேரப் பயணம். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து விமானத்தில் போவது அதுதான் முதல் தடவை.

அவளுக்குத் தனியாக ஒன்று, எனக்குத் தனியாக ஒன்று போட்டேன். யோசித்துச் செய்தேன் என்றும் சொல்ல முடியாது. கை பழகிவிட்டது. யோசிக்காமல் செய்தேன் என்றால் அது பொய்.

விமான நிலையத்தில் அவள் போர்டிங் பாஸில் சீட் நம்பர் இல்லை. விமானம் ஏறுகிற கேட்டில் தரப்படும் என்று அச்சடித்திருந்தது. இருக்கிற சீட்டை விட அதிகமாக டிக்கெட் விற்றுவிட்டார்கள் என்று அதற்கு அர்த்தம். என் மாதிரி ஆளுக்கு அது உறைத்திருக்க வேண்டும், உறைக்கவும் செய்தது. எப்படியாவது சரியாகிவிடும் என்று விட்டுவிட்டேன். என் கண் பட்டியல் ஓடுகிற டிவியில் இருந்தது. அதில் நான் முதல் ஆள்.

கவுன்டர் பெண் என்னைக் கூப்பிட்டு, பழைய பாஸை வாங்கிக்கொண்டு புதுசைக் கொடுத்தாள். இரண்டாவது வரிசை, ஜன்னல். மனைவியிடம் வந்து காட்டினேன்.

"உனக்கு ஒண்ணும் வருத்தமில்லையே?"

"போய்க் காலை நீட்டிப் படுங்க. உங்க இடுப்பு வலியக் கேட்டுக் கேட்டு எனக்கே வலிக்குது" என்றாள். மனசாரத்தான் சொன்னாள்.

பத்து நிமிஷம் கழித்து அவளைக் கூப்பிட்டார்கள். நானும் கூடப் போனேன்.

"சாரி மேடம், ஃப்ளைட் ஃபுல். உங்களைக் காலைல ஒன்பது மணி ஃப்ளைட்ல அனுப்பறோம். தங்கறதுக்கு ரூம் குடுத்துடுவோம்."

"காலைல ஏழரைக்கு எங்கக்காவுக்கு ஆபரேஷன்மா" என்றாள் என் மனைவி. "நான் போயே ஆகணும்."

நான் என் கார்டை எடுத்து நீட்டினேன். "நாங்க ரெண்டு பேரும் ஒண்ணா போறோம். இவங்க என் மனைவி."

கவுன்டர் பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். காலையிலிருந்து எத்தனை பேரிடம் இப்படி வாங்கிக் கட்டிக்கொண்டாளோ, அவள் முகத்தில் உயிரே இல்லை. "சார், இதுல உங்க பேரும் மேடம் பேரும் சேர்ந்தே இல்லையே. தனித்தனி டிக்கெட். ஒரே டிக்கெட்டா இருந்திருந்தா உங்க கார்டுக்கு இவங்களையும் இறக்கியிருக்க மாட்டோம். இப்ப இவங்க கார்டு இல்லாத, தனியா வந்த பாசஞ்சர்."

என் மனைவி என் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க தனித்தனியா போட்டீங்க?"

அப்படித்தான் கிடைத்தது, அவசரத்தில் போட்டேன் என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். அவள் என் கையிலிருந்த புதுப் பாஸைப் பார்த்தாள். பதினாறு வருஷம் என் புராணத்தைக் கேட்டவள்தானே, அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"என்னோட சேர்த்துப் போட்டா உங்களுக்கு முன்சீட் கிடைக்காது. அதானே?"

கவுன்டர் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். "சார், உங்க பழைய சீட்டையும் வேற ஒருத்தருக்குக் குடுத்தாச்சு. நீங்க இந்த சீட்டை விட்டுக் குடுத்தா மேடமை அதுல ஏத்திடறேன். கதவு மூடப் போறோம், சீக்கிரம் சொல்லுங்க."

உடனே சரி என்று சொல்லியிருக்க வேண்டும். எந்த மடையனும் சொல்லியிருப்பான். நான் கேட்டது இதுதான்: "வேற யாராவது விட்டுக் குடுப்பாங்களான்னு மைக்ல ஒரு தடவ கேட்டுப் பாருங்களேன்."

அதற்கு முன்பே மூன்று தடவை மைக்கில் கேட்டிருந்தார்கள். அது என் காதிலும் விழுந்திருந்தது. ஒரு சீட்டுக்காக நான் இதைக் கேட்டேன் என்று இப்போது நினைத்தாலும் கூசுகிறது. அப்புறம் பாஸைக் கொடுத்துவிட்டேன். நடுவில் அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது. ஆனால் அந்த அரை நிமிஷமும் அவள் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் ஸ்வெட்டர் உங்க பையில இருக்கு, குடுங்க" என்றாள். கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் மதியம் நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது ஆபரேஷன் முடிந்திருந்தது. சகலை வராந்தாவில் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வந்து கட்டிக்கொண்டார்.

"வாங்க சகலை. நல்லபடியா முடிஞ்சுது. தங்கச்சி கையப் பிடிச்சுக்கிட்டு ஜம்முனு உள்ள போனா. உங்க சீட்டையே குடுத்து அனுப்பி வெச்சீங்களாமே! உங்கள மாதிரி ஒரு மாப்பிள்ளை கிடைக்க நாங்க குடுத்து வெச்சிருக்கணும்."

என் மனைவி அவர் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவள்தான் அப்படிச் சொல்லியிருக்கிறாள். நான் தேள் கொட்டின திருடன் மாதிரி நின்றேன். இல்லை என்று சொல்ல முடியாது, ஆமாம் என்றும் சொல்ல முடியாது. சகலை டீ வாங்கப் போனார்.

"நம்ம மானத்தக் காப்பாத்திட்ட" என்றேன், சிரிக்கப் பார்த்து.

"நம்ம மானமா?" என்றாள். அவ்வளவுதான்.

பக்கத்தில் உட்கார்ந்தேன். மன்னிச்சிடு என்று சொன்னேன். இருபத்திரண்டு வருஷத்தில் அதை நான் வாய்விட்டுச் சொன்னது குறைவு. அவள் தலையாட்டினாள். அவளும் ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை, கண் இடுங்கியிருந்தது.

"சீட் வசதியா இருந்துச்சா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"தெரியல. நான் படுக்கவே இல்ல."

ஒரு நர்ஸ் தள்ளுவண்டியோடு போனாள். நாங்கள் காலை மடக்கி வழி விட்டோம்.

"ஞாயித்துக்கிழமை நீங்க மட்டும் போங்க. நான் வரல" என்றாள். "அக்கா நடமாடற வரைக்கும் இங்கதான் இருக்கப் போறேன். காலைல விமான கம்பெனிக்குப் போன் பண்ணிக் கேட்டேன். உங்க கூட வந்த டிக்கெட்டாச்சே, உங்களக் கேக்கணுமோன்னு நெனச்சேன். தனி டிக்கெட்தானே மேடம், நீங்க யாரையும் கேக்க வேண்டாம்னாங்க. மாத்திட்டேன்."

"சரி. எப்பத்துக்கு மாத்தின?"

"தேதி போடல."

கோபமாகச் சொல்லியிருந்தால் சமாதானம் செய்திருப்பேன். அவள் மடியில் கிடந்த ஸ்வெட்டரை மடித்து வைத்துவிட்டு, அக்கா கண் திறந்தாளா பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து உள்ளே போனாள்.