பாதி மீசைச் சாமி

அன்று காலை என் கணவர் குடையை மூன்று விதமாக விரித்துக் காட்டினார். வட்டிக்கடைக்காரர் விரிப்பது ஒன்று, புது மாப்பிள்ளை விரிப்பது ஒன்று, போலீஸ்காரர் விரிப்பது ஒன்று. எது நன்றாக இருக்கிறது என்று கேட்டார். "வீட்டுக்குள்ள குடை விரிக்காதிய, மொதல்ல போய்க் குளிங்க" என்றேன். குளித்துவிட்டு, அடுத்த படத்துக்கு இடம் பார்க்கச் சிவகிரி பஸ் ஏறினார். கரிவலம்வந்தநல்லூர் தாண்டுவதற்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டாராம். வயது நாற்பத்திரண்டு.

துஷ்டி கேட்க வந்தவர்கள் "பாதி மீசைச் சாமி போயிட்டாரே" என்றுதான் அழுதார்கள். அழுகைக்கு நடுவே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். அந்தப் பெயர் வந்தது 1951இல்.

அதற்கு முந்தின வருஷம் அவர் பத்திரம் எழுதும் வேலையை விட்டுவிட்டு மதராஸ் போனார். நான்கு ஸ்டுடியோ ஏறி இறங்கியும் கூட்டத்தோடு நிற்கிற வேஷம்கூடக் கிடைக்கவில்லை. "அவன் என்ன எனக்கு வேஷம் குடுக்கது? நானே படம் எடுத்து நானே நடிக்கேன்" என்று திரும்பி வந்தார். எஸ்டேட்டை விட்டுச் சீமைக்குப் புறப்பட்ட ஒரு வெள்ளைக்காரரின் பழைய கேமராவும் வீட்டுக்கு வந்தது. அவர் நடிக்கப் போய்விட்டால் கேமராவைச் சுற்ற ஆள் வேண்டுமே? நான்தான் சுற்றினேன்.

கதை இரண்டு சகோதரர்களைப் பற்றியது. அண்ணன் திருநீறு பூசியவன், மீசை இல்லாதவன். தம்பி நாமம் போட்டவன், பெரிய மீசைக்காரன். ஒரு வரப்புக்காகச் சண்டை போட்டு, கடைசியில் ஒருவரை ஒருவர் கும்பிட்டு மன்னிப்புக் கேட்கிறார்கள். இரண்டு வேஷமும் அவரே.

லென்ஸில் பாதியைக் கறுப்பு அட்டையால் மறைத்து அண்ணனைப் படம் பிடிக்க வேண்டும். பிலிமைப் பின்னுக்குச் சுற்றி, அட்டையை மறு பாதிக்கு மாற்றித் தம்பியைப் பிடிக்க வேண்டும். அண்ணன் இடது பக்கம், தம்பி வலது பக்கம். கழுவிப் பார்த்தால் இருவரும் எதிரெதிரே நிற்பார்கள்.

"கேமரா ஓடும்போது வாயத் தொறக்கப்பிடாது, கேட்டியா?" என்றார்.

நான் திறக்கவில்லை. அவர் பாட்டுக்கு இரண்டு தடவையும் நட்டநடுவில் வந்து நின்றார். நடிகர் என்றால் நடுவில்தானே நிற்பார் என்று நானும் சுற்றினேன்.

டூரிங் டாக்கீஸ் வைத்திருந்த சுயம்புலிங்கம் அண்ணாச்சி, எங்கள் ஊர் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு முதல் நாள், பெரிய படத்துக்கு முன்னால் பத்து நிமிஷம் தருவதாகச் சொல்லியிருந்தார். "சனம் எந்திரிச்சுப் போகாம இருந்தா நம்ம மூணு டெண்டுலயும் போடுதேன். அடுத்த படத்துக்குப் பிலிமும் வாங்கித் தாரேன். போயிட்டுன்னா, நீரு பழையபடி பத்திரம் எழுதப் போயிரணும்வே."

என் கணவருக்கு அது மட்டும் போதாது. ஒரே ஒரு ஆளாவது நல்ல நடிப்பு என்று சொல்ல வேண்டும்.

மதராஸில் கழுவிய ரீல் படம் போடும் அன்று மத்தியானம்தான் பார்சலில் வந்தது. போட்டுப் பார்க்க நேரமில்லை. சத்தமில்லாத படம் என்பதால் திரைக்குப் பக்கத்தில் தட்டி மறைவில் நின்று இரண்டு குரலிலும் அவரே பேசினார். கண்ணை மூடினால்தான் அவருக்குக் குரல் வரும்.

திரையில் வந்தது ஒரே ஆள். நெற்றியில் பாதி திருநீறு, பாதி நாமம். மூக்குக்குக் கீழே பாதி மீசை.

"வரப்பு என்னோடதுலே!" என்றது ஒரு குரல்.

"மம்பட்டிய எடுத்தேன்னா தெரியும்!" என்றது இன்னொன்று.

என் பக்கத்தில் இருந்த சுப்புத்தாய்தான் முதலில் எழுந்தாள். "ஏட்டி, சங்கரநாராயணரு! ரெண்டு சாமியும் ஒண்ணா வந்து நிக்காவ!"

"சாமிக்கு எதுக்குட்டி பாதி மீச?" என்றாள் பின்னால் இருந்தவள்.

"பெருமாளு பக்கம் இருக்கும். நீ போயிப் பாத்தியாக்கும்?"

சிவனும் பெருமாளும் பாதிப் பாதியாக ஒரே உருவில் நிற்பதைப் பார்க்கத் தபசுக்கு வந்த கூட்டம், கேட்க வேண்டுமா? கடைசியில் அண்ணனின் ஒரு கையும் தம்பியின் ஒரு கையும் நடுவில் சேர்ந்து கும்பிட்டன. "சாமியே நம்மளக் கும்பிடுது!" என்று யாரோ கதறினார்கள். சூடம் கொளுத்திவிட்டார்கள். துணிக் கொட்டகை. அண்ணாச்சி மணல் வாளியோடு ஓடினார்.

அணைத்துவிட்டு வந்தவருக்கு வாயெல்லாம் பல். "வே ஆவுடையப்பா, மூணு டெண்டு என்ன, ஆறு டெண்டுல ஓடும். சாமி படம்னு போர்டு எழுதச் சொல்லிட்டேன்."

"அண்ணாச்சி, அது சாமி இல்ல. நான் தப்பா நின்னுட்டேன்."

"எங்கிட்ட சொல்லிட்டீரு, சரி. வெளிய சொன்னீருன்னா டெண்டும் இல்ல, பிலிமும் இல்ல."

வீட்டுக்கு வந்தவர் சாப்பிடவில்லை. "நடிப்ப ஒருத்தனும் பாக்கலையேட்டி. எல்லாவனும் கும்பிட்டுக்கிட்டுல்லா இருக்கான்."

"அப்ப பத்திரம் எழுதப் போறியளா?"

"போறேன். சாமின்னு பொய் சொல்லிட்டு நிக்க முடியாது."

மறுநாள் முதல் ஆட்டத்தில், அண்ணாச்சி தடுப்பதற்குள் திரைக்கு முன்னால் போய் நின்றுவிட்டார். "அய்யா, அது சாமி இல்ல. நான்தான், ஆவுடையப்பன். ரெண்டு வேஷமும் நான் கட்டினது. நடுவுல நின்னது என் தப்பு. என்னயக் கும்பிடாதிய, பாவம் எனக்குல்லா வந்து சேரும்." குரல் உடைந்து, கண்ணீர் வந்துவிட்டது. அதில் துளி நடிப்புக் கிடையாது, எனக்குத் தெரியும்.

டீக்கடை நல்லகண்ணு பின்னாலிருந்து எழுந்தார். "ஏ யப்பா! என்னமா நடிக்காரு பாருங்கவே! கண்ணுல நெசத் தண்ணி!"

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. அப்புறம் படம் ஓடியது. கும்பிட்டவர்கள் கும்பிட்டார்கள், சிரித்தவர்கள் சிரித்தார்கள். ஒருவரும் எழுந்து போகவில்லை. காலையில் அண்ணாச்சி போர்டில் "சாமி படம்" என்பதை அழித்து வேறு எழுதச் சொன்னார். அந்தப் பேச்சும் படத்தோடு தினம் வேண்டும் என்றார்.

"நடிக்காம நின்னதுக்குல்லா கை தட்டுதானுவ" என்று என் கணவர் இரண்டு நாள் குழம்பினார். மூன்றாம் நாள் கண்ணாடி முன்னால் நின்று அந்தப் பேச்சை ஒத்திகை பார்த்தார்.

ஆறு வருஷத்தில் ஐந்து படம் எடுத்தார். எல்லாவற்றிலும் அவரே நடித்தார், நான் சுற்றினேன்.

இந்த ஆடித்தபசுக்கும் அண்ணாச்சி அந்த ரீலைப் போட்டார். தட்டி மறைவில் பேச ஆளில்லாமல் சும்மா ஓடியது. நான் போயிருந்தேன். வாசல் போர்டில் அன்று மாற்றி எழுதியபடி "நடிப்பு: ஆவுடையப்பன்" என்றே இருக்கிறது.