மூன்றாவது லியோனிடாஸ்

மகனுக்குப் பரணி நட்சத்திரம். பெயர் லி, லு, லே, லோவில் தொடங்க வேண்டும் என்று பக்கத்து வீட்டுச் சைப்பிரஸ் கிழவர் லியோனிடாசிடம் உளறிவிட்டேன். பிள்ளையில்லாத மனிதர், உடனே தன் பெயரையே சிபாரிசு செய்தார்.

“ஒரு லியோனிடாஸ் ஸ்பார்ட்டாவின் அரசன். இன்னொருவன் ஒலிம்பிக் ஓட்டக்காரன்.”

“ஓட்டக்காரன் நல்லம். நீங்கள் பஸ்ஸுக்கும் ஓடமாட்டியள்,” என்று மனைவி புனிதா என்னிடம் தமிழில் சொன்னாள்.

“மூன்றாமவன் வெறும் மினிகேப் டாக்ஸி ஓட்டியவன்,” என்று கிழவர் தலைகுனிந்தார்.

பிரசவவலியில் துடித்த புனிதாவை பஸ்ஸில் ஏற்றப்போன வீரன் நான். தன் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் அவர்.

“இஞ்சருங்கோ, அந்தப் பேரையே வைப்பம்,” என்றாள் புனிதா.

“எந்த லியோனிடாசின்ரை பேர்?”

“கார் ஓடத் தெரிஞ்சவரின்ரை பேர்.”

நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். பிள்ளை தூங்கியது, கிழவர்தான் அழுதார்.