சல்லடை தள்ளிய மழை

அந்த அலுவலகத்தில் அவளைச் 'சின்னவள்' என்றுதான் கூப்பிடுவார்கள். வயதிலும் சின்னவள், குரலிலும் சின்னவள். வாயில் விரலை வைத்தால்கூடக் கடிக்கத் தெரியாதவள் என்று சொந்த அக்காவே கேலி செய்வாள். ஆனால் கணினி முன்னால் உட்கார்ந்துவிட்டால் ஒரு நதியையே மடக்கிக் கைக்குள் வைத்துக்கொள்வாள். மலையில் ஊற்றெடுக்கும் இடத்திலிருந்து கடலில் விழும் இடம்வரை ஓடை, ஏரி, அணை, வயல், தெரு எல்லாவற்றையும் கணக்காக்கி அந்த நதிக்குக் கணினி மாதிரி ஒன்றைச் செய்திருந்தாள். மேலே மழையை ஊற்றினால், கீழே எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று அது சொல்லும்.

பழைய மழையை மட்டும் அல்ல, இனிமேல் பெய்யப்போகும் மழையையும் அதில் ஊற்றிப் பார்த்திருந்தார்கள். பூமி இப்படியே சூடேறிக்கொண்டு போனால், இன்றைய குழந்தைகள் பெரியவர்களாகும் காலத்தில் எப்படி மழை பெய்யும் என்று ஆராய்ச்சிக்காரர்கள் கணித்துக் கொடுத்த மழை அது. பயந்த அளவுக்கு மாதிரியில் வெள்ளம் வரவில்லை. அதை நம்பி நகர வரைபடத்தில் ஒரு நீலக்கோடு போட்டார்கள். கோட்டுக்கு அந்தப் பக்கம் ஆறு, இந்தப் பக்கம் வீடு.

அந்த நீலக்கோட்டை ஒட்டி எழும்பிய குடியிருப்பில், தரைத்தளத்தில், அக்கா குடிவந்தாள். கைக்குழந்தை. அத்தான் வழுக்கி விழுந்து காலில் மாவுக்கட்டோடு கிடந்தார். "எங்க வீட்டுப் பொண்ணு போட்ட கோடு. ஆறே அதைக் கேட்டுத்தான் நடக்கும்" என்று படுத்த படுக்கையிலேயே பெருமை அடித்துக்கொண்டிருந்தார்.

அன்று மதியம் மழை ஜன்னல் கண்ணாடியை அறைந்துகொண்டிருந்தது. பக்கத்து மேஜைக்காரர் வரைபடம் போடுபவர். படக்காரர் என்றே பெயர் நிலைத்துவிட்டது. அவர் அவள் திரையை எட்டிப் பார்த்து, "மலை உச்சி மழைமானிக்கு மறை கழண்டுடுச்சு போல. சிவப்பு விழுந்திருக்கு பாரு" என்றார்.

சின்னவள் சிரித்தாள். சிவப்பு விழுந்தால் சல்லடை தன் வேலையைச் செய்கிறது என்று அர்த்தம். பழைய மழைக் கணக்குகளில் எத்தனையோ குளறுபடி. மானியின் வாயை இலை அடைத்திருக்கும். எழுதியவர் தூக்கக்கலக்கத்தில் ஒரு சுழியைக் கூடுதலாகப் போட்டிருப்பார். அதற்காக வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் கணினியில் ஒரு சல்லடை நிரல் எழுதினாள். ஓரிடத்தில் அதுவரை பெய்ததிலேயே பெரிய மழை எதுவோ, அதற்கு மேல் ஓர் எண் வந்தால் அது பிழை. சல்லடை அதைச் சிவப்பாகக் காட்டித் தள்ளிவிட்டு, அக்கம்பக்கத்து நாட்களின் சராசரியை அங்கே வைத்துவிடும். எல்லோரும் பாராட்டினார்கள். அன்றுமுதல் எந்த மழையானாலும் சல்லடை வழியாகத்தான் மாதிரிக்குள் போகும்.

சற்று நேரத்தில் நடுமலை மானியிலும் சிவப்பு விழுந்தது.

"இதுவும் அவுட்டா? ரெண்டும் ஒரே நேரத்துல லீவு போட்டுட்டுதுங்க" என்றார் படக்காரர்.

அணைக்கட்டு மானியும் சிவந்தபோது அவள் சிரிக்கவில்லை.

"அண்ணே, ஒருத்தர் பொய் சொல்லலாம். மூணு பேர் தனித்தனியா உக்காந்து ஒரே பொய்யைச் சொல்வாங்களா?"

படக்காரர் எழுந்து அவள் திரைக்கு அருகே வந்தார்.

சல்லடையை எடுத்துவிட்டு இன்றைய மழையை உள்ளே விட்டாள். திரையில் நீலம் ஆற்றை நிரப்பியது. கரையைத் தொட்டது. கோட்டைத் தொட்டது. நிற்கவில்லை. சிந்திய மைபோலத் தெருத்தெருவாக ஊறிக்கொண்டு போய் அக்காவின் குடியிருப்பையும் மூடியது.

அப்போதுதான் அதைவிடப் பெரிய பயம் வந்து பிடரியைப் பிடித்தது. வரப்போகும் காலத்து மழையையும் இதே சல்லடை வழியாகத்தானே விட்டோம்? இதுவரை பெய்யாத மழையெல்லாம் பிழை என்றல்லவா அதற்குச் சொல்லிவைத்திருந்தோம்! பயப்பட வேண்டியதையெல்லாம் பொறுக்கி எறிந்துவிட்டு, மிச்சத்தைப் பார்த்துப் பயமில்லை என்று கோடு போட்டிருக்கிறோம்.

அக்காவின் எண்ணுக்குப் போன் போட்டாள். அத்தான்தான் பேசினார்.

"என்ன மச்சினி, மழையில நனைஞ்சுட்டியா?"

"அத்தான், வெள்ளம் வருது. மாடிக்குப் போங்க. இப்பவே."

"கோட்டைத் தாண்டி வராதுன்னு சொன்னது யாரு, நீதானே?"

"அது தப்பு அத்தான். நான் போட்ட கோடே தப்பு."

அக்கா போனைப் பிடுங்கினாள்.

"என்னடி உளர்றே? இந்த மனுஷனை எப்படித் தூக்கிட்டுப் போறது? மாடியில இருக்கிறவகூட எனக்குப் பேச்சுவார்த்தையே இல்ல. ஈரத் துணியைக் காயப்போட்டு என் தலையில சொட்டவிடறவ. அவ வாசல்ல போய் நிக்கிறதுக்கு வெள்ளத்தோடயே போயிடலாம்."

"ஏறுடீ மாடிக்கு!"

அலுவலகமே திரும்பிப் பார்த்தது. பிறந்ததிலிருந்து அக்காவை அவள் 'டீ' போட்டதில்லை. போன் கட்டாகிவிட்டது.

எழுந்து மேலதிகாரி அறைக்கு ஓடி, அங்கிருந்த கணினியில் அந்த நீலத்தைத் திறந்து காட்டினாள். மேடம் திரையைக் கூர்ந்து பார்த்தார்.

"மானி ரிப்பேரா இருந்தா? அத்தனை குடும்பத்தையும் மழையில வெளியே இழுத்துப் போட்டதுக்கு யாரும்மா பதில் சொல்றது?"

"மானி சரியா இருக்கு மேடம். தப்பு என் சல்லடையில. எல்லாரையும் மேல ஏத்தச் சொல்லுங்க, மேடம். யார் கேட்டாலும் என்னைக் காட்டுங்க."

மேடம் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மேஜைத் தொலைபேசியை எடுத்தார். காவல், தீயணைப்பு, அணைக்கட்டு என்று ஒவ்வொருவராகப் பேசினார். ஒவ்வொருவருக்கும் "இல்ல, ஒத்திகை இல்ல" என்று சொல்ல வேண்டியிருந்தது.

சின்னவள் தன் மேஜைக்குத் திரும்பினாள். அக்காவின் எண் எடுபடவில்லை. மறுபடி போட்டாள். எடுபடவில்லை. சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை. சல்லடை இல்லாமல் வருங்கால மழையை மாதிரிக்குள் விட்டாள். அது ஓடி முடிய நேரமாகும். ஒரு கண் அதிலும் ஒரு கண் போனிலுமாக உட்கார்ந்திருந்தாள். படக்காரர் ஒரு டம்ளர் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்தார். அவள் அதைத் தொடவில்லை.

வெளிச்சம் மங்கும் வேளையில் போன் அடித்தது.

"ஏறிட்டோம்டி" என்றாள் அக்கா. பின்னால் குழந்தை வீறிட்டது. "மாடிக்காரியும் அவ மகனும்தான் உங்க அத்தானை நாற்காலியோட தூக்கிட்டு வந்தாங்க. எங்க பீரோவே மிதக்குது. மேலயிருந்து பார்த்தா எங்க வீட்டு ஜன்னலே தெரியல. இன்னும் கொஞ்ச நேரம் வீறாப்பு பண்ணியிருந்தேன்னா..." மூக்கை உறிஞ்சினாள். "நல்லவதான் பாவம், துண்டெல்லாம் குடுத்தா."

சின்னவள் திரைக்குத் திரும்பினாள். எதிரே மாதிரி ஓடி முடிந்திருந்தது. வரும் வருடங்களின் மழைகள் வரிசையாக நின்றன. இன்றைய மழையை அவற்றின் நடுவே வைத்துப் பார்த்தாள். அண்ணன்மார் கூட்டத்தில் புகுந்த கடைக்குட்டிபோல அது ஓர் ஓரமாக நின்றது. புதுக்கோடு அக்காவின் தெருவைத் தாண்டி, கடைத்தெருவைத் தாண்டி, அவள் உட்கார்ந்திருந்த கட்டடத்தின் படிக்கட்டுவரை வந்திருந்தது. படக்காரர் அவள் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏய், இருக்கியா?" என்றாள் அக்கா. "தண்ணி வடிஞ்சதும் வீட்டைக் கழுவிவிட்டுக் குடிபோயிடலாம்ல? ஏதோ ஒரு தடவை கொட்டித் தீர்த்துடுச்சு. இனிமே இப்படியெல்லாம் வராதில்ல?"

"வரும்க்கா" என்றாள் சின்னவள்.

"இவ்வளவு பெருசாவா?"

"இதைவிடப் பெருசா. அந்த வீடு வேணாம்க்கா."

மழை இன்னும் விட்டபாடில்லை.