கொக்கி நிற்கும் நேரம்

ஆகாசத்துக்கு வீட்டில் வைத்த பேர் வேறு. கட்டட வேலையில் டவர் கிரேன் ஓட்டுகிறவர், பகல் முழுக்க உச்சியில் கண்ணாடிக் கூண்டுக்குள்ளேயே கிடப்பவர் என்பதால் அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. கீழே எத்தனை பேர் கத்தினாலும் ஒரு கம்பிக்கட்டைப் பச்சைக் குழந்தையைத் தொட்டிலில் போடுவதுபோல் இறக்குவார். அந்தக் கையைப் பற்றி யாரும் குறை சொல்லிவிட முடியாது. குறை இருந்தது வேறு இடத்தில்.

வாலிபத்தில் சாரத்திலிருந்து சறுக்கி, ஓர் இரும்புக் குழாயின் மேல் காலை அகட்டி விழுந்தார். மூத்திரக் குழாயில் அடி. புண் ஆறியது, ஆறின இடம் சுருங்கிப்போனது. ஆபரேஷன் செய்தார்கள், மறுபடி சுருங்கியது. இன்னொரு தடவை செய்தார்கள், அதுவும் அப்படித்தான். கடைசியில் டாக்டர் ஒரு மெல்லிய டியூபைக் கையில் கொடுத்து, அதைத் தானே உள்ளே விட்டு வழியைத் திறந்து வைத்துக்கொள்ளச் சொல்லிக்கொடுத்தார். முதல் நாள் ஆகாசம் டாக்டரின் வம்சத்தையே மனசுக்குள் திட்டித் தீர்த்தார். இப்போது அது பல் விளக்குகிற மாதிரி ஆகிவிட்டது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, களிம்பு தடவி, விட்டு எடுத்தால் வேலை முடிந்தது. "டியூப் போட்டாச்சா?" என்று அவர் மனைவி கேட்பது, "கேஸை மூடியாச்சா?" என்று கேட்கிற அதே குரலில்தான்.

வேலையிடத்தில்தான் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. டியூப் போட்டாலும் ஒன்றுக்குப் போக மற்றவர்களைவிட அவருக்கு நேரம் பிடிக்கும். அத்தனை நேரம் கிரேனின் கொக்கி அசையாமல் நின்றால் கேள்வி வருமே என்று பயந்து, மனுஷன் சாயங்காலம் வரை ஒரு மடக்குத் தண்ணீர் குடிப்பதில்லை. கூண்டில் வெயில் கொளுத்தும், தலை சுற்றும், பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டுவார். போன மாதம் நீர்க்கடுப்பும் குளிர்காய்ச்சலுமாகப் படுத்துவிட்டார். டாக்டர் திட்டினார். மனைவி திட்டவில்லை.

"ஒண்ணு, தண்ணி குடிங்க. இல்ல, கீழ இறங்கி வேற வேல பாருங்க. ரெண்டும் முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க, நான் மனசத் தேத்திக்கிறேன்" என்றாள்.

கூண்டை விட்டு இறங்குவதா? அதற்குப் பேசாமல் உயிரையே கேட்டிருக்கலாம். மறுநாள் ஒரு பாட்டில் தண்ணீரும் ஒரு காலிக் கேனுமாக ஆகாசம் மேலே ஏறினார். குடித்தார். குடித்தால் வரத்தானே செய்யும்? கேனை எடுத்துக்கொண்டு ஓரமாகத் திரும்பி உட்கார்ந்தபோது, இடுப்பிலிருந்த வாக்கி டாக்கியின் பட்டன் நாற்காலிக் கைப்பிடியில் அழுந்திக்கொண்டது.

"வாடா கண்ணு. என்னடா அடம் இது? ரெண்டு சொட்டு விட்டுட்டு நின்னா எப்படி? கீழ நாலு பேரு கம்பியோட காத்துக்கிட்டிருக்காங்கடா. வா ராசா, வா."

வாக்கி டாக்கி வைத்திருந்த அத்தனை பேரும் கேட்டார்கள். ராசா வந்து கேனில் விழுந்த சத்தத்தையும் கேட்டார்கள்.

பட்டன் அழுந்தியிருக்கும்வரை அவர் பேசுவது எல்லாருக்கும் கேட்கும், எவர் பேசுவதும் அவருக்குக் கேட்காது. கீழே அவருக்குச் சிக்னல் காட்டுகிறவன் அவருடைய மச்சினன்தான். தொண்டை கிழியக் கத்திப் பார்த்தான், கொடியை ஆட்டிப் பார்த்தான். மேலே இருந்தவரின் கண்ணெல்லாம் கேனில் இருந்தது. மானம் கப்பலேறின பிறகுதான் பட்டன் விடுபட்டு, சிரிப்புச் சத்தம் அவர் காதில் விழுந்தது.

மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். ஏணியடியில் மச்சினன் வழிமறித்தான்.

"மாமா, போன்ல பேரனக் கொஞ்சிட்டிருந்தேன்னு சொல்லிடுங்க."

"சரி மாப்ள, கேன் சத்தத்துக்கு என்ன சொல்றது? அதுவும் பேரனோடதா?"

ஆகாசம் சுருக்கத்தைப் பற்றி ஒளிக்காமல் சொன்னதைக் கேட்டுவிட்டு மேனேஜர் மரியாதையாகத்தான் பேசினார். "உடம்பு முடியாதவர நான் மேல ஏத்த முடியாது. நாளையிலருந்து ஸ்டோர்ல உக்காருங்க. சம்பளம் குறையாது."

ஆகாசத்துக்குச் சுர்ரென்று ஏறியது.

"சுருக்கம் மூத்திரக் குழாயில சார். கையில இல்ல, கண்ணுல இல்ல. இத்தன வருஷம் தண்ணி குடிக்காம, தல சுத்தச் சுத்த ஓட்டினேன். அப்ப நான் நல்லா இருந்தேன். இப்பக் குடிச்சிட்டுத் தெளிவா ஓட்டுறேன், உடம்பு முடியலங்கறீங்க. இது எந்த ஊரு நியாயம்?"

"அவ்ளோ நேரம் வேல நிக்குதே."

"காத்தடிச்சா நிக்குது. நீங்க போன் பேசினா நிக்குது. எனக்கும் நிக்கட்டும்."

மேனேஜர் கையிலிருந்த போனைக் கவிழ்த்து வைத்தார். "சரி, போங்க. ஆனா ரேடியோல இந்தப் பேச்சு வேண்டாம். அந்த நேரத்துல 'மெஷின் செக்'னு மட்டும் சொல்லுங்க. வேற ஏதாவது காதுல விழுந்துச்சு, ஸ்டோர்தான்."

ஆகாசம் சரியென்றும் சொல்லவில்லை, மாட்டேனென்றும் சொல்லவில்லை. ஏறும்போதுதான் யோசித்தார். நல்ல மனுஷன்தான், மூடிக்கொள்ள ஒரு துணி கொடுத்திருக்கிறார். ஆனால் மெஷின் மெஷின் என்று தினம் சொன்னால் நாளைக்கு ஒரு மெக்கானிக் மேலே வந்து நிற்பான். அவனுக்குப் பயந்து மறுபடி தண்ணீரைக் குறைக்கவேண்டி வரும். மறைத்து மறைத்துத்தானே இத்தனை நாள் நாக்கு வறண்டது? இனி செத்தாலும் அது நடக்காது.

மத்தியானம் வந்தது. தூக்கிய சுமையைப் பத்திரமாக இறக்கி, கொக்கியைக் காலியாக மேலே ஏற்றி நிறுத்தினார். பட்டனை, இந்தத் தடவை தெரிந்தே, அழுத்தினார்.

"ஆகாசம் பேசுறேன். கொக்கி கொஞ்ச நேரம் நிக்கும்."

மேனேஜர் குரல் உடனே வந்தது. "மெஷின் செக்தானே?"

ஆமாம் என்ற ஒரு சொல்லில் கூண்டு அவருக்குத் தங்கிவிடும். அது அவருக்கு நன்றாகவே தெரியும்.

"மெஷின் நல்லா இருக்கு சார். எனக்குத்தான் ஒண்ணுக்கு வருது. மூத்திரக் குழாய்ச் சுருக்கம்."

யாரோ ஒருவன் சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான்.

"எவ்ளோ நேரம் ஆகும்?" என்றார் மேனேஜர் கடைசியில்.

"ஆகுற நேரம் ஆகும் சார். முடிஞ்சதும் நானே சொல்றேன்."