உட்கார்ந்த புறாவைச் சுடாதவர்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. வேதப் புத்தகத்தின் மேல் வலது கையை வைத்துச் செய்ய வேண்டிய சத்தியம். வலது தோளில் வாதம் என்பதால் இடது கையை வைத்து, அதைச் சரிக்கட்ட இரண்டு முறை செய்யப்பட்டிருக்கிறது.

லிங்கன்ஷயரில் ஜூலை மாதத்துச் செவ்வாய்க்கிழமை. ஸ்கெல்புரூக் பண்ணையின் நாற்பது ஏக்கர் பட்டாணி, அறுவடைக்குப் பத்து நாள் இருந்தது. காட்டுப்புறாக்கள் அன்றே அறுவடையைத் தொடங்கியிருந்தன. பண்ணைக்காரி ஈனிட் வயல் கேட்டில் சாய்ந்துகொண்டு வில்ஃப்ரெட் பாக்லிங்டனை மடக்கினாள்.

"யோவ் வில்ஃப், முப்பது வருஷமா என் வயல்ல சுடுற. புறாக் குடும்பம் பெருகிக்கிட்டேதான் போவுது. நீ சுடுறியா, இல்ல தீனி போடுறியா?"

"காத்து சரியில்லீங்க அம்மணி."

"முப்பது வருஷமாவா? சாயங்காலம் ஆறு மணிக்குள்ள நூறு புறா இந்த கேட்டுகிட்ட கிடக்கணும். இல்லேன்னா நாளையிலேருந்து வயல் ரூபர்ட்டுக்கு."

ரூபர்ட் அவளுடைய தங்கை மகன். பேட்டரியில் சுழலும் கம்பி ஒன்று வைத்திருந்தான்; இரு முனையிலும் செத்த புறாவைக் குத்திவிட்டால் பறப்பதுபோலவே சுற்றி மற்ற புறாக்களை ஏமாற்றி இறக்கும். வில்ஃப்ரெட்டிடம் இருந்தவை பதினேழு பிளாஸ்டிக் புறாக்களும் எழுபத்தொரு வயதும். இந்த வயலும் போனால் மிச்ச நாளெல்லாம் அக்கா மேவிஸோடு சமையலறையில் உட்கார்ந்து அவள் முழங்கால் கதையைக் கேட்கவேண்டும். இடது முழங்கால் கதை மட்டுமே ஒரு குளிர்காலத்துக்குத் தாங்கும்.

வேலியோரம் மறைப்பு வலையைக் கட்டி உள்ளே ஒளிந்துகொண்டார். பொம்மைகளைக் காற்றைப் பார்த்தபடி நட்டு, நிஜப் புறாக்கள் இறங்க நடுவில் இடம் விட்டிருந்தார். காற்று திசை மாறியது. எழுந்துபோய்ப் பதினேழையும் திருப்பினார். அவர் உட்காரும்வரை பொறுத்திருந்து காற்று பழைய திசைக்கே போயிற்று. புறாக்கள் தோட்டா எட்டாத தூரத்தில் நிதானமாகத் தின்றன. அவற்றை விரட்ட ஈனிட் வைத்திருந்த வேட்டுக் குழாய் கால் மணிக்கொருமுறை வெடித்தது. ஒருமுறை தாமதமானபோது கிழட்டுப் புறா ஒன்று நடந்துபோய்க் குழாய்க்குள் எட்டிப் பார்த்தது.

பிக்கப் வண்டியில் சாய்ந்தபடி ரூபர்ட் கத்தினான்: "தாத்தா, தொப்பிய இழுத்து விடுங்க! வழுக்கையப் பாத்துட்டு, நிலா வந்துருச்சுன்னு எல்லாம் கூட்டுக்குப் போயிடப் போவுது!"

"உன் மூஞ்சியப் பாத்து பாதி ஏற்கனவே போயிருச்சுடா!"

மதியத்துக்குள் பதினொன்றுதான். அடுத்தது இறக்கை முறிந்து, பொம்மைகளின் நடுவே விழுந்து ஓடியது. அப்படி விழுந்ததை உடனே கழுத்தைத் திருகி முடிக்கவேண்டும்; உயிரோடு கட்டிப்போட்டு மற்றதை அழைப்பது சட்டப்படி குற்றம். வில்ஃப்ரெட் தம் இடது பூட்ஸ் கயிற்றை உருவி, அதன் காலை ஒரு முளையோடு கட்டினார். ஓடிப்போன மனைவியின் பெயரை வைத்தார்: டோரிஸ். முறைப்பு அதே முறைப்பு.

டோரிஸ் நல்ல இறக்கையை அடித்துத் துடித்தது. அதன் வெள்ளைப் பட்டை வெயிலில் மின்ன, யாரோ பந்தி வைத்திருப்பதாக நினைத்துப் புறாக்கள் கூட்டம் கூட்டமாக வந்தன. அவர் துப்பாக்கிக் குழலின் சூட்டில் பன்றிக்கறி சுட்டுத் தின்றார், சுடுவதை நிறுத்தாமல். விழுந்தவை டோரிஸின் மேலேயே விழுந்தன. ஒவ்வொன்றின் அடியிலிருந்தும் அது தலையை வெளியே நீட்டி அவரைப் பார்த்தது.

மூன்று மணிக்கு ஆண் புறா ஒன்று இறங்கி, டோரிஸின் பக்கத்தில் உட்கார்ந்து அதன் கழுத்தைக் கோதியது. வில்ஃப்ரெட் நேர்மையானவர், உட்கார்ந்த புறாவைச் சுட்டதே கிடையாது. ஆகவே கை தட்டினார். எழவில்லை. தொப்பியை வீசினார். எழவில்லை. வெளியே போய்ப் பூட்ஸ் முனையால் நெட்டித் தள்ளினார். எழுந்தது. சுட்டார். எழுபத்து நான்கு.

ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் இருந்தது. தொண்ணூற்றொன்பது. வானத்தில் ஒரு ஈகூட இல்லை. மீதி இருந்தது டோரிஸ்தான். ஆனால் அது உட்கார்ந்திருந்தது.

முளையருகே கயிற்றை வெட்டினார். "உனக்கும் ஒரு வாய்ப்பு குடுக்கணும்ல டோரிஸ்," என்று இடது கையால் மேலே எறிந்தார். முறிந்த இறக்கையோடு அது ஒரு தந்திக் கம்பத்து உயரம் பறந்தது. அவருக்கே சந்தோஷமாக இருந்தது. பிறகு சுட்டார்.

ஈனிட் கேட்டருகே குனிந்து எண்ணினாள். நூறாவதைத் தூக்கினாள். அதன் காலிலிருந்து அரை முழம் பழுப்புக் கயிறு தொங்கியது. அவள் பார்வை மெல்ல வில்ஃப்ரெட்டின் பூட்ஸுக்கு இறங்கியது. வலதில் கயிறு இருந்தது.

"நூறு சரியா இருக்கு வில்ஃப். முப்பது வருஷமா இல்லாத அதிசயம். ஆனா உயிரோட கட்டிப்போட்டு சுடுறவன் என் வயல்ல வேணாம். நாளைக்கு வராத."

"அம்மணி..."

"கயித்த எடுத்துக்க. ரெண்டு மைல் நடக்கணும்ல."

ரூபர்ட் டோரிஸின் காலிலிருந்து கயிற்றை அவிழ்த்துக் கொடுத்தான். புறாவைத் தன்னிடம் வைத்துக்கொண்டான். காலையில் கம்பியின் முனையில் குத்திச் சுற்றவிட.

வில்ஃப்ரெட் வீடு சேர்ந்தபோது மேவிஸ் தேநீரோடு காத்திருந்தாள். "வாடா, உக்காரு," என்றாள். "இன்னிக்கு வலது முழங்கால்."

ஸ்கெல்புரூக் பண்ணையில் அன்றும் இன்றும் இருப்பவை பன்றிகள் மட்டுமே. பட்டாணி விதைத்ததே இல்லை.