ஐம்பது, ஓம்

கஜேந்தினி ஆறாவது தடவையாக இரண்டு கணினிகளையும் நிறுத்தி மறுபடி போட்டாள். முதலாவது ஓடியது. இரண்டாவது, செர்வர் அகப்படவில்லை என்ற அதே ஆங்கில வரியைக் காட்டிவிட்டு நின்றது. 'தடவை 6 – பிழை. பின்னேரம் 3.10' என்று கொப்பியில் எழுதினாள்.

நாலு மணிக்கு உழவு மெசினில் நெல் வரும். வீட்டில் மூட்டை அடுக்க இந்த அறை ஒன்றுதான். காவல் வேலை பார்த்த அலுவலகம் மூடப்பட்டபோது எறியக் கிடந்த கணினிப் பாகங்களை, அப்பா மூக்கன் மூன்று நடையாகச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்திருந்தார். ஒரு மாதம் பொறுத்திருந்த அம்மா சுப்பம்மா காலையில் சொல்லிவிட்டாள். "நெல்லு வர்றதுக்குள்ள ஓடுனா இருக்கட்டும். இல்லாட்டி பழைய இரும்புக்காரன் வண்டியில ஏத்திரு."

செட்டிகுளத்துப் பின்னேர வகுப்பில் பதினெட்டுப் பேருக்கு ஒரு கணினி. கிழமைக்கு ஒருமுறை பத்து நிமிடம் கைக்குக் கிடைக்கும். இங்கே இரண்டு இருந்தன. ஆனால் இரண்டாவதில் ஹாட் டிஸ்க் இல்லை. மூளை இருந்தும் ஞாபகம் இல்லாத பிறவி. முதலாவதை செர்வர் ஆக்கி வயரால் இணைத்தால், அதன் ஞாபகத்தை இதுவும் இரவல் வாங்கிக்கொள்ளும். அதற்கான படிகளை அவள் வரிசை தவறாமல் எழுதி வைத்திருந்தாள். தன் கையைச் சந்தேகப்பட்டாள், தலையைச் சந்தேகப்பட்டாள். கொப்பியை மட்டும் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை.

முல்லைத்தீவிலிருந்து இடம்பெயர்ந்து வந்த வகுப்புத் தோழி பிரேமினி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"இதென்னடி, கரைவலைக் கயிறோ? பக்கத்தில பக்கத்தில நிக்கிற ரெண்டுக்கும் இவ்வளவு வயரோ?"

"ஐம்பது அடி. வகுப்பில சேர் சொன்னவரெல்லோ."

"அடியெண்டோ சொன்னவர்?"

கஜேந்தினி பக்கத்தைப் புரட்டிக் காட்டினாள். 'வயரின் இரண்டு நுனிக்கும்: ஐம்பது, ஓம்.'

"நுனிக்கு நுனி நீளமாக்கும் எண்டு நினைச்சன். ஐம்பதோ சேர் எண்டு கேட்டனான். ஐம்பது, ஓம் எண்டவர்."

பிரேமினி இரண்டுதரம் வாசித்தாள். பிறகு கதிரையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "மாதாவே! அவர் ஆமாம் எண்டு உனக்கு ஓம் போடேல்லையடி. ஐம்பது ஓம்! மின்தடை! விஞ்ஞானத்தில படிச்ச ஓம்! இந்தக் காற்புள்ளியை ஆரடி போடச் சொன்னது?"

கஜேந்தினியின் காது சுட்டது. நுனியில் தடை இல்லாவிட்டால் அனுப்பியதெல்லாம் முட்டித் திரும்பி வந்து குழப்பும் என்று சேர் சொன்னது இப்போதுதான் நினைவில் ஏறியது. அழ நேரமில்லை. அலுமாரிக்கு மேலே கிடந்த பழுதான ரேடியோவை இறக்கிப் பிளந்தாள். உள்ளே இருந்த சின்னத் தடைகளின் நிறக் கோடுகளை வாசித்தாள். கபிலம், கறுப்பு, கபிலம்: நூறு ஓம். அப்படி நாலு வேண்டும், நுனிக்கு இரண்டைச் சமாந்தரமாகப் பூட்டினால் ஐம்பது. நாலும் இருந்தன. ஈயம் உருக்கக் குசினி அடுப்பில் ஸ்குறூட்றைவரைச் செருகினாள்.

"சோறு வேகுற அடுப்புல இரும்பு சுடுறியா?" என்றாள் சுப்பம்மா.

"கொஞ்சம் பொறுங்கோ அம்மா."

ஈயம் உருகி ஒட்டியபோது ஒழுங்கையில் மெசின் சத்தம் கேட்டது. ஏழாவது தடவை. பிழை வரி வரவில்லை. அவள் இரண்டாவது கணினியில் ஒரு சொல்லை அடித்து செர்வருக்கு அனுப்பிவிட்டு, முதலாவதில் திறந்தாள். அதே சொல் அங்கே இருந்தது. பிரேமினி கத்திய கத்தலில் சுப்பம்மா அகப்பையோடு ஓடி வந்தாள். கையெழுத்துப் போடுமளவுக்கு மட்டும் எழுத்துத் தெரிந்தவள், திரைக்குக் கிட்டக் குனிந்தாள்.

"அது எம் பேரு மாதிரி இருக்கே?"

"ஓம் அம்மா."

"இந்த ஓம் வேற ஓம், அம்மா" என்றாள் பிரேமினி.

சுப்பம்மா அந்தத் திரையைப் பார்த்தாள். திரும்பி மற்றத் திரையையும் பார்த்தாள். இரண்டிலும் அவள் பெயர் இருந்தது. முதுகில் மூட்டையோடு மூக்கன் உள்ளே வந்து, "எங்கம்மா போட?" என்று மகளைக் கேட்டார்.

சுப்பம்மாதான் பதில் சொன்னாள். "செவரோரமா போடுங்க. கம்பிய மிதிச்சிராம, வழி விட்டு அடுக்குங்க."

'தடவை 7' என்று எழுதிய பக்கத்தில் நெற்சுணை வந்து விழுந்தது. மூட்டைகள் இருபுறமும் வரப்புப்போல உயர்ந்தன. நடுவே ஒரு சாண் இடைவெளியில், ஐம்பது அடிக் கறுப்பு வயர் வாய்க்கால்போல வளைந்து வளைந்து போனது.